'பெங்கால்' கப்பலுக்குப் பொய்ப்புகழ் தேவையில்லை

நவம்பர் பிறந்ததும் சமூக ஊடகங்களில் ஒரு வாக்கியம் தவறாமல் உலா வரத் தொடங்குகிறது: "1942-இல் ஒற்றை இந்தியக் கப்பல் இரண்டு ஜப்பானியப் போர்க்கப்பல்களை மூழ்கடித்தது." அதன்கீழ்க் கொடிகளும் வணக்கங்களும் வரிசையாக வந்து விழுகின்றன. பகிர்வோரில் பெரும்பாலோர் நல்லெண்ணத்தோடுதான் பகிர்கின்றனர். ஆனால் நல்லெண்ணம் சான்றாகாது. அந்த ஒரு வாக்கியத்தில் 'ஒற்றை', 'இந்திய', 'இரண்டு', 'மூழ்கடித்தது' என்ற நான்கு சொற்கள் முழுச்சுமையையும் தாங்கி நிற்கின்றன. அவற்றுள் ஒன்று வெளிப்படையான பிழை, ஒன்று அநீதி, ஒன்று நிறுவப்படாத கூற்று. எஞ்சிய ஒன்று, விடை காணப்படாமலே விடையாக முன்வைக்கப்படும் வினா.

முதலில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

ஹெச்.எம்.ஐ.எஸ். பெங்கால் என்பது பாதர்ஸ்ட் வகுப்பைச் சேர்ந்த கப்பல். ஆஸ்திரேலியத் தளங்களில் கட்டப்பட்ட இவ்வகுப்புக் கப்பல்கள் மொத்தம் 60. அவற்றில் நான்கு அன்றைய ராயல் இந்தியக் கடற்படைக்கு வழங்கப்பட்டன. அவை பெங்கால், பம்பாய், மதராஸ், பஞ்சாப் எனப் பெயர் பெற்றன. இவற்றுள் பெங்கால் சிட்னியின் காக்கட்டூ தளத்தில் உருவாகி 1942 ஆகஸ்டில் பணியில் சேர்ந்தது. ஏடுகளில் இவ்வகை 'ஆஸ்திரேலிய மைன்ஸ்வீப்பர்', அதாவது கண்ணிவாரிக் கப்பல், எனப் பதிவானது. நீர்மூழ்கிகளை வேட்டையாடுவதும் இவற்றின் பணி என்பதை மறைக்கவே அப்பெயர் பயன்பட்டது. நீளம் 57 மீட்டர் அளவு. வேகம் மணிக்கு 15 கடல்மைல் அளவு. இதன் முதன்மைப் பீரங்கி, மூன்று அங்குல வாய்விட்டமுள்ள ஒரேயொரு 12 பவுண்டர்.

1942 நவம்பரில் ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமேண்டில் துறையிலிருந்து தியகோ கார்சியாவை நோக்கிச் சென்ற 'ஓண்டினா' என்ற டச்சு எண்ணெய்க் கப்பலுக்குப் பெங்கால் வழித்துணையாக அனுப்பப்பட்டது. நவம்பர் 11 அன்று, கோகோஸ் தீவுகளுக்குத் தென்மேற்கே, ஜப்பானிய வேட்டைக் கப்பல்கள் இரண்டு எதிர்ப்பட்டன. ஹோக்கோக்கு மாரு, ஐகோக்கு மாரு என்ற அவ்விரண்டும் பயணிகளையும் சரக்கையும் ஏற்றும் கப்பல்களாகத் தொடங்கிப் பின்னர் பீரங்கி பூட்டப்பட்டவை. ஒவ்வொன்றும் பத்தாயிரம் டன்னுக்கு மேல். அவற்றின் முதன்மைப் பீரங்கிகள் பெங்காலின் ஒற்றைப் பீரங்கியைவிட எண்ணிக்கையிலும் வலிமையிலும் பன்மடங்கு மேலானவை. அதே ஆண்டில் இவ்விரு கப்பல்களும் ஜெனோட்டா என்ற டச்சு எண்ணெய்க் கப்பலையும், ஹவுராக்கி என்ற சரக்குக் கப்பலையும் சிறைபிடித்திருந்தன.

பெங்காலின் தலைவர் லெப்டினன்ட் கமாண்டர் வில்லியம் ஜோசப் வில்சன் ஓண்டினாவைத் தப்பிச் செல்லுமாறு பணித்துவிட்டு, தம் சிறு கப்பலை நேரே பகைவரை நோக்கித் திருப்பினார். ஓண்டினாவின் தலைவர் வில்லம் ஹோர்ஸ்மன் தப்பியோடுவதற்குப் பதிலாகத் தம் கப்பலின் நான்கு அங்குலப் பீரங்கியைக் கொண்டு தாமும் போரில் இறங்கினார். அப்பீரங்கிக்கு இருந்தவை 32 குண்டுகள் மட்டுமே. சிறிது நேரத்தில் ஹோக்கோக்கு மாருவில் தீப்பற்றியது. பெருவெடிப்பு நிகழ்ந்தது. அக்கப்பல் மூழ்கியது. பின்னர் குண்டுகள் தீரும் நிலைக்கு வந்த பெங்கால், ஓண்டினா இனித் தப்பாது என்று எண்ணி விலகிச் சென்று நவம்பர் 17 அன்று தியகோ கார்சியாவை அடைந்தது. அதன் குழுவில் ஒருவரும் உயிரிழக்கவில்லை. குண்டு தீர்ந்து நின்ற ஓண்டினாவில் ஹோர்ஸ்மன் கொல்லப்பட்டார். எஞ்சியோர் உயிர்காப்புப் படகுகளில் இறங்கினர். ஐகோக்கு மாரு கப்பலின்மேல் டார்ப்பிடோக்களை ஏவியது. படகுகளில் இருந்தோர்மீது இயந்திரத் துப்பாக்கியால் சுட்டது. பிறகு ஹோக்கோக்கு மாருவில் உயிர் பிழைத்தோரை ஏற்றிக்கொண்டு அகன்றது. ஓண்டினா மூழ்கவில்லை. அதன் குழுவினர் மீண்டும் அதன்மேல் ஏறி, தீயை அணைத்து, சாய்ந்த கப்பலை நிமிர்த்தி, நவம்பர் 18 அன்று ஃப்ரீமேண்டிலுக்குக் கொண்டுசேர்த்தனர்.

நடந்தது இது. இனி அந்த நான்கு சொற்கள்.

'இரண்டு' என்பது எளிதில் தீரும் பிழை. மூழ்கியது ஒன்றுதான். ஐகோக்கு மாரு அன்று தப்பியது; 1944 பிப்ரவரியில் ட்ரக் தீவில் அமெரிக்க விமானத் தாக்குதலில்தான் அழிந்தது. ஒன்றை இரண்டாக்குவதால் பெங்காலின் துணிவு இரட்டிப்பதில்லை. சரிபார்க்கும் முதல் வாசகன் முழுக் கதையையும் பொய்யெனத் தள்ளிவிடும் வாய்ப்பே இரட்டிக்கிறது.

'மூழ்கடித்தது' என்பது அடுத்தது. தமிழ் வினைச்சொல் இங்கே ஒரு நுட்பத்தைக் கையளிக்கிறது. 'ஹோக்கோக்கு மாரு மூழ்கியது' என்பது தன்வினை. அது ஐயத்துக்கு இடமற்ற உண்மை. 'பெங்கால் மூழ்கடித்தது' என்பது பிறவினை. அது ஒரு வினைமுதலைச் சுட்டுகிறது, ஆகவே சான்று கேட்கிறது. சான்றோ மறுபக்கம் சாய்கிறது. பேரழிவை உண்டாக்கிய குண்டு ஓண்டினாவின் பீரங்கியிலிருந்து சென்றதாகவே ஆய்வாளருள் பெரும்பாலோர் கருதுகின்றனர். பெங்காலின் பீரங்கியாளரும் தம் குண்டுகள் இலக்கைத் தொட்டதாகக் கூறினர். அதைப் புறந்தள்ளவும் வேண்டியதில்லை. இரு கப்பல்களும் ஒரே இலக்கின்மீது சுட்டுக்கொண்டிருந்த வேளையில் யார் குண்டு எதைக் கொளுத்தியது என்று புகைக்கு நடுவே கணக்கெழுதியவர் எவருமில்லை. தன்வினையில் நிற்க வேண்டிய செய்தியைப் பிறவினைக்கு மாற்றுவோர் ஒரே ஒரு சொல்மாற்றத்தில் இன்னொருவர் உழைப்பைத் தம் பெயருக்கு எழுதிக்கொள்கின்றனர்.

அதன் விளைவே 'ஒற்றை' என்ற சொல் செய்யும் அநீதி. ஓண்டினா போர்க்கப்பல் அன்று. அதன் குழுவில் டச்சுக்காரரோடு சீனத் தொழிலாளரும் இருந்தனர். பீரங்கியை இயக்கியோருள் ஆஸ்திரேலியரும் பிரிட்டிஷாரும் உண்டு. வணிகக் கப்பலில் ஊதியத்துக்கு வந்தோர், 'தப்பிச் செல்' என்ற கட்டளை கிடைத்த பிறகும் நின்று போரிட்டனர். அன்று அந்தப் பக்கம் சிந்திய குருதி முழுவதும் ஓண்டினாவினுடையது. பெங்காலுக்கு உயிர்ச்சேதம் இல்லை என்று பெருமையோடு எழுதும் பதிவுகள், அவ்விழப்பு யார் கணக்கில் சேர்ந்தது என்பதை எழுதுவதில்லை. இறந்தவர்களைத் துடைத்துவிட்டு எழுப்பப்படும் வீரவணக்கம் எவ்வகை வணக்கம்?

இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு மிகைக்கூற்று உண்டு: பெங்கால் ஓண்டினாவைக் கைவிட்டு ஓடியது என்பது. அதுவும் நேர்மையற்றது. இருந்த ஒரு பீரங்கியோடு, பகைக்கப்பல்களின் பார்வையைத் தன்மேல் இழுத்துக்கொள்வதற்காகவே முன்சென்ற கப்பல் அது. குண்டுகள் தீரும் நிலையிலும் அங்கேயே நின்றிருந்தால் ஓண்டினாவின் ஒரு படகும் காப்பாற்றப்பட்டிருக்காது. இழப்புப் பட்டியல் மட்டுமே நீண்டிருக்கும். 'தனியாக வென்றது' என்பாரும் 'கைவிட்டு ஓடியது' என்பாரும் ஒரே பிழையைத்தான் செய்கின்றனர். இருவர் சேர்ந்து செய்த செயலை ஒருவர் செயலாகக் குறுக்கினால், எஞ்சியவர் பயனற்றவர் ஆகவோ துரோகி ஆகவோ வேண்டியிருக்கிறது. உண்மையில் சிறுகப்பல் முன்பாய்ந்ததால் எண்ணெய்க் கப்பலுக்குச் சுட அவகாசம் கிடைத்தது. எண்ணெய்க் கப்பல் சுட்டதால் சிறுகப்பலுக்கு உயிர் கிடைத்தது.

இனி 'இந்திய' என்ற சொல். நான்கிலும் கடினமானது இதுவே.

ஹெச்.எம்.ஐ.எஸ். என்ற முன்னொட்டின் விரிவு, 'மாட்சிமை தங்கிய மன்னரது இந்தியக் கப்பல்' என்பது. 'மன்னரது' என்பது ஆறாம் வேற்றுமை. தமிழிலக்கணம் இவ்வேற்றுமையின் உடைமைப் பொருளைத் தற்கிழமை, பிறிதின்கிழமை என இரண்டாகப் பகுக்கும். 'முருகனது கை' தற்கிழமை, பிரிக்க முடியாதது. 'முருகனது வீடு' பிறிதின்கிழமை, கைமாறக் கூடியது. பெங்கால் மன்னருக்குப் பிறிதின்கிழமை என்பது வரலாற்றில் உறுதியாயிற்று. சில ஆண்டுகளில் அக்கப்பல் கைமாறி, 1950 ஜனவரி 26-க்குப் பின் குடியரசின் கடற்படையில் நின்றது. ஆனால் 1942-இல் அது யாருடைய போரைப் போரிட்டது? அதன் மாலுமிகள் யாருடைய கைகள்?

அவ்வாண்டின் நாட்காட்டியைப் புரட்டினால் வினாவின் கூர்மை புலப்படும். ஜப்பானியர் வங்கத்துக்குள் நுழைந்தால் பயன்படுத்திவிடுவர் என்ற அச்சத்தில், 1942-இன் முற்பகுதியிலிருந்தே வங்கக் கடலோர மாவட்டங்களின் பல்லாயிரக்கணக்கான படகுகளை ஆங்கில அரசு பறித்தது, அல்லது அழித்தது. மீனவரின் பிழைப்பும், நெல்லை ஊர்விட்டு ஊர் கொண்டுசெல்லும் வழியும் அதோடு அறுந்தன. ஆகஸ்டில் 'வெள்ளையனே வெளியேறு' இயக்கம் எழுந்தது. தலைவர்கள் சிறைக்குச் சென்றனர். அதே ஆகஸ்டில்தான் பெங்கால் பணியில் சேர்ந்தது. அக்டோபர் 16 அன்று மிதுனாப்பூர்க் கரையைப் பெரும்புயல் தாக்கியது. ஒரு மாதம் நிறைவதற்குள் பெங்கால் தன் போரைப் போரிட்டது. அடுத்த ஆண்டில் வங்கம் பட்டினியால் மடிந்தது. மடிந்தோர் ஏறத்தாழ முப்பது லட்சம் என்பது பரவலாக ஏற்கப்படும் மதிப்பீடு. தானியம் ஏன் வரவில்லை என்று கேட்டபோது இலண்டன் சொன்ன காரணங்களுள் முதன்மையானது, ஏற்றிவரக் கப்பல் இல்லை என்பது. வங்கத்தின் பெயரை ஒரு கப்பலுக்குச் சூட்ட முடிந்த பேரரசுக்கு, வங்கத்துக்கு ஒரு கப்பலை அனுப்ப மனம் வரவில்லை.

இதைச் சொல்வது பெங்காலின் மாலுமிகளைச் சிறுமைப்படுத்துவதாகாது. படகுகளைப் பறித்தவர்கள் அவர்கள் அல்லர். மாறாக, அவர்கள் நின்ற இடத்தின் இறுக்கத்தை உணர்த்தாத எந்தப் புகழுரையும் அவர்களுக்கு உரியதாகாது. அவர்களுட் பலர் வறுமையாலும் வேலை தேடியும் கடற்படைக்கு வந்தவர்கள். போருக்கு முன் அக்கடற்படையின் மாலுமிகள் பெரும்பாலும் பஞ்சாபியரும் கொங்கண் கரை முஸ்லிம்களுமே. போர்க்காலத்தில் தென்னிந்தியர் உட்பட நாடெங்கிலுமிருந்து ஆள் சேர்க்கப்பட்டனர். அன்றைய 'இந்தியா' இன்றைய எல்லைக்குள் அடங்குவதன்று. அம்மாலுமிகளுள் பலரின் ஊர்கள் இன்று பாகிஸ்தானில் உள்ளன. கப்பலின் பெயரைத் தாங்கிய மாகாணமோ பிளவுற்று, ஒரு பாதி இன்று வங்கதேசமாக இருக்கிறது. கொடிகளை வரிசையாக இடுவோர் இதை ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும். அப்புகழுக்கு உரிமை கோர இந்நாட்டுக்கு உள்ள அதே அளவு உரிமை, பகை நாடு என்று பழிக்கப்படும் நாட்டின் சிற்றூர்களுக்கும் உண்டு.

1942-ஐக் கொண்டாடுவோர் 1946-ஐ எங்கே வைக்கின்றனர் என்பது அடுத்த கேள்வி. போர் தொடங்கியபோது இரண்டாயிரத்தை ஒட்டிய எண்ணிக்கையில் இருந்த அக்கடற்படை, போர் முடிவில் 25,000-ஐக் கடந்திருந்தது. கெட்ட உணவு, வெள்ளை அதிகாரிகளின் இனவெறிச் சொற்கள், ஊதியப் பாகுபாடு, பணிநீக்க அச்சம் ஆகியவை சேர்ந்து 1946 பிப்ரவரி 18 அன்று பம்பாயின் தல்வார் நிலையத்தில் வெடித்தன. 78 கப்பல்கள், 20 கரைநிலையங்கள், 20,000 மாலுமிகள் என அக்கிளர்ச்சி பரவியது. காங்கிரசும் முஸ்லிம் லீகும் சரணடையச் சொல்லின, மாலுமிகள் சரணடைந்தனர். நூற்றுக்கணக்கானோர் பணியிலிருந்து நீக்கப்பட்டனர். விடுதலைக்குப் பின் இந்தியக் கடற்படையும் அவர்களைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. பாகிஸ்தான் கடற்படையும் எடுத்துக்கொள்ளவில்லை. பேரரசுக்காகப் போரிட்ட மாலுமி வீரன். அதே பேரரசிடம் உண்ணத்தக்க சோறு கேட்ட மாலுமி ஒழுங்கு மீறியவன். இந்தத் தராசை ஆங்கிலேயர் விட்டுச் சென்றதில் வியப்பில்லை. விடுதலை பெற்ற நாடும் அதே தராசில் நிறுத்ததுதான் வியப்பு. 'இந்திய' என்ற சொல்லுக்கு உண்மையான பொருள் வேண்டுமாயின் அந்த நவம்பரும் இந்தப் பிப்ரவரியும் ஒரே பதிவில் இடம்பெற வேண்டும்.

இன்னொரு முரணும் சொல்லத்தக்கது. ஹோக்கோக்கு என்றால் ஜப்பானிய மொழியில் நாட்டுக்குக் கைம்மாறு செய்தல். ஐகோக்கு என்றால் நாட்டுப்பற்று. உயிர்காப்புப் படகுகளில் கையறு நிலையில் இருந்தோர்மீது சுட்ட கப்பலின் பெயர் 'நாட்டுப்பற்று'. அதை எதிர்த்து நின்ற இரு கப்பல்களுள் ஒன்றில் நால்வேறு நாட்டினர். மற்றொன்றில் தம் நாடு இன்னும் தம்முடையதாகாத மாலுமிகள். நாட்டுப்பற்றின் பெயரால் எதையும் மிகைப்படுத்தலாம் என்று வாதிடுவோர்க்கு அந்த நவம்பர் 11-ஐவிடப் பொருந்தாத நாள் வேறில்லை.

'சற்று மிகைப்படுத்தினால் என்ன கெட்டுப்போகும்? இளைஞர் ஊக்கம் பெறுவரே' என்பது வழக்கமான மறுமொழி. கெட்டுப்போவது கண்ணிவாரிக் கப்பலின் வரலாறே. இவ்வகைக் கப்பலின் போர்க்காலப் பணி ஒரு நண்பகல் சண்டையில் அடங்கியதன்று. கப்பலின் பின்புறத்திலிருந்து நீண்ட எஃகு வடம் கடலில் விடப்படும். மிதவையும் நீரை எதிர்த்து விலகும் பலகைகளும் அவ்வடத்தைப் பக்கவாட்டில் இழுத்து, குறித்த ஆழத்தில் நிறுத்தும். கடலடியில் கட்டப்பட்ட கண்ணிவெடியின் வடம் அதில் சிக்கி அறுபட்டால், கண்ணி மேலே மிதந்து வரும். தொலைவிலிருந்து சுட்டு அதை அழிப்பர். காந்தப்புலத்தை உணர்ந்து வெடிப்பனவற்றுக்கு மின்னோட்டம் பாயும் வடங்கள் தேவைப்பட்டன. இத்தொழிலின் விதி ஒன்றே: பின்வரும் கப்பல்கள் பிழைக்க வேண்டுமானால் கண்ணிவாரி முதலில் செல்ல வேண்டும். வாரிய வழியையே நாளையும் வார வேண்டும். எதுவும் வெடிக்காத நாளே வெற்றி நாள். 1945 மே மாதத்தில் ரங்கூன் மீட்கப்பட்டபோது ஆற்றுவழியைத் துப்புரவாக்கியவற்றுள் ராயல் இந்தியக் கடற்படையின் கண்ணிவாரிகளும் இருந்தன. அவற்றைப் பற்றி எந்த மாதத்திலும் எந்தப் பதிவும் உலா வருவதில்லை. ஒன்றும் நடவாமல் காத்தது செய்தியாவதில்லை.

இந்த மறதிக்குத் தமிழ் அகராதியிலேயே ஒரு சாட்சி உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவில் சென்னை மீது குண்டு வீசிய எம்டன், ஜெர்மானிய வேட்டைக் கப்பல். அதே ஆண்டு நவம்பர் 9 அன்று, கோகோஸ் தீவுகளருகே, ஆஸ்திரேலியாவின் சிட்னி என்ற கப்பலால் அது முடிவுக்கு வந்தது. தாக்கிய கப்பலின் பெயர் தமிழில் சூழ்ச்சியும் துணிவும் மிக்கவனைக் குறிக்கும் சொல்லாகி இன்றும் வாழ்கிறது. 28 ஆண்டுகளுக்குப் பின் ஏறத்தாழ அதே கடற்பரப்பில் அதே வகை வேட்டைக் கப்பல்களைத் தடுத்த பெங்காலுக்கு எந்த இந்திய மொழியிலும் இப்படியொரு சொல் பிறந்ததாகத் தெரியவில்லை. 1942 ஏப்ரலில் கொழும்பும் திரிகோணமலையும் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் தாக்கப்பட்டு, அச்சத்தில் சென்னை நகரே காலியானது. அக்கடல்வழிகளை மீண்டும் நடமாடத் தக்கனவாக்கியோர் இத்தகைய சிறுகப்பல்களின் பெயர் தெரியாத மாலுமிகளே. நவம்பர் 11-க்குப் பின் ஜப்பான் வேட்டைக் கப்பல்களை இந்தியப் பெருங்கடலில் உலவ விடுவதைப் பெரிதும் கைவிட்டது என்பதே அன்றைய சண்டையின் மெய்யான பயன். மூழ்கிய கப்பல்களின் எண்ணிக்கையைப் பெருக்குவோர் இப்பயனைச் சொல்ல மறந்துவிடுகின்றனர்.

வில்சன் பெயர் எல்லாப் பகிர்வுகளிலும் உண்டு. அது இருக்கத்தான் வேண்டும். பீரங்கிக்குக் குண்டு ஊட்டியவர், கொதிகலனுக்குக் கீழே நின்றவர், பின்தளத் தீயை அணைத்தவர் ஆகியோரோ 'இந்திய மாலுமிகள்' என்ற ஒரே தொகைப்பெயருக்குள் கரைந்துபோகின்றனர். தலைவனுக்கு இயற்பெயர், மாலுமிக்குத் தொகைப்பெயர் என்பது பேரரசின் இலக்கணம். அதை அப்படியே பெயர்த்தெழுதிவிட்டுத் தேசப்பெருமை என்று தலைப்பிடுவது ஏமாற்று.

நவம்பர் 11-இல் வணக்கம் செலுத்த விரும்புவோர் செய்யத்தக்கவை எளியவை. அம்மாலுமிகளின் பெயர்களைத் தேடி வெளியிடட்டும். அவை உருது, மராத்தி, வங்காளம், தமிழ் ஆகிய அவரவர் மொழிகளில் எழுதப்படட்டும். ஓண்டினாவில் இறந்தோரையும், அவர்களுள் சீனத் தொழிலாளரையும் சேர்த்தே நினைவுகூரட்டும். 1946-இல் நீக்கப்பட்டோரை அதே வரிசையில் நிறுத்தட்டும். வாக்கியத்தையும் திருத்தட்டும்: "1942 நவம்பர் 11 அன்று, பெங்கால் என்ற கண்ணிவாரிக் கப்பலும் ஓண்டினா என்ற எண்ணெய்க் கப்பலும் தம்மினும் மிக வலிய இரு ஜப்பானியக் கப்பல்களை எதிர்த்துப் போரிட்டன, ஒன்று மூழ்கியது, மற்றொன்று அகன்றது, இவ்விரண்டும் கரை சேர்ந்தன."

இத்திருத்தத்தில் ஒரு மிகையும் இல்லை. வீரமும் குறையவில்லை.